நோயின் செலவு யார் கணக்கில்?

சென்ற மாதம் நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் பொதுப்பேரவைக் கூட்டத்திற்கு நாம் சென்றிருந்தோம். நூல் விலை, கூலி உயர்வு, தேங்கிக் கிடக்கும் சேலைகள் ஆகிய வழக்கமான பொருள்களெல்லாம் பேசி முடிந்து, உறுப்பினர்கள் காபிக்கு எழுந்திருக்கும் வேளையில் ஒரு தீர்மானம் படிக்கப்பெற்றது. சங்கத்தின் மருத்துவ உதவி நிதியிலிருந்து, மது அருந்துவோருக்கும் புகையிலைப் பழக்கம் உடையோருக்கும் இனி உதவி வழங்கலாகாது. அறுபது வயதைக் கடந்து தறியை விட்டு இறங்கியவர்களுக்கும் உதவியை நிறுத்திவிடலாம் என்பது அதன் சாரம். கையெழுத்திட்டிருந்தவர்கள் எழுவர். எழுவரும் நல்லவர்கள், சந்தாவை ஒரு மாதமேனும் தவறவிட்டறியாதவர்கள்.

காபி ஆறிப் போயிற்று. இரண்டு மணி நேரம் வாதம் நடந்தும் முடிவு ஏற்படாமையால் அடுத்த பேரவைக்குத் தீர்மானம் ஒத்திவைக்கப்பட்டது. இதுபற்றி நம் ஏட்டில் எழுத வேண்டுமென்று நிர்வாகக் குழுவினர் கேட்டுக்கொண்டனர். பிற சங்கங்களிலும் இப்பேச்சு எழக்கூடும் என்பதனால் விரிவாகவே எழுதுகிறோம்.

முன்மொழிந்தவரின் மனக்குறை பொய்யன்று. இருபத்திரண்டு ஆண்டுகளாக அவர் நிதிக்குப் பணம் கட்டி வருகிறார். ஒரு காசும் திரும்பப் பெற்றதில்லை. அவரது தெருவிலேயே ஒருவர், கூலி வாங்கிய மாலையே அதில் பாதியை மதுக்கடையில் கொடுத்துவிட்டு வீடு திரும்புபவர், ஈரல் கெட்டு இருமுறை மருத்துவமனையில் கிடந்தார். இருமுறையும் நிதியிலிருந்து அவருக்கு உதவி சென்றது. “என்னுடைய சிக்கனம் அவருடைய குடிக்குத் துணைபோக வேண்டுமா?” என்று முன்மொழிந்தவர் கேட்டபோது அவையில் சிறிது நேரம் ஒருவரும் வாய் திறக்கவில்லை. இது ஒரு சிற்றூர்ச் சங்கத்தின் கேள்வி மட்டுமன்று. பொதுப் பணத்தில் மருத்துவம் நடைபெறும் நாடுகள் அனைத்திலும் இக்கேள்வி ஏதேனும் ஒரு வடிவில் எழுந்தே வருகிறது.

முதலில் குடிப்பவரின் கணக்கைப் பார்ப்போம். 1937 அக்டோபரில் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்குத் தொடங்கப்பெற்றது. அதனால் குறைந்த வருவாயை ஈடுகட்டவே 1939இல் சென்னை மாகாணத்தில் விற்பனை வரி கொண்டுவரப்பட்டது. குடியை நிறுத்திய செலவைக் கடையில் பொருள் வாங்கிய எல்லோரும் அன்று பகிர்ந்துகொண்டனர். இன்று நிலைமை தலைகீழாக உள்ளது. 2003 முதல் தமிழ்நாட்டில் மதுவின் சில்லறை விற்பனை அரசு நிறுவனத்தின் கையில் இருந்து வருகிறது. 2024-25ஆம் ஆண்டில் மதுவினால் அரசுக்குக் கிடைத்த வருவாய் 48,000 கோடி ரூபாயைக் கடந்தது. அதே ஆண்டின் வரவு செலவுத் திட்டத்தில் மருத்துவம், மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு ஒதுக்கப்பட்டது 20,198 கோடி ரூபாய். ஆகவே குடிப்பவர் தம் வைத்தியத்துக்குப் பணம் கட்டாதவர் என்று கூறுவதற்கில்லை. ஒவ்வொரு புட்டியிலும் அவர் கட்டிக்கொண்டேதான் வருகிறார். விற்பனை வரி பிறந்த கதையை எண்ணினால் இது சிரிப்பதற்குரியதா, அழுவதற்குரியதா என்பது நமக்கு விளங்கவில்லை.

இதனால் கணக்கு நேராகிவிட்டது என்று நாம் சொல்ல வரவில்லை. அவர் கட்டியது அரசின் கருவூலத்துக்கு. நோய் வந்தபோது பணம் கொடுத்தது சங்கமும் வீடும். இரண்டுக்கும் இடையே பாலம் ஒன்றும் இல்லை. இதனை அன்று அவையில் தெளிவாக எடுத்துரைத்தவர், எவரைக் குறித்துப் பேச்சு நடந்ததோ அவருடைய மனைவியே. அவரும் சங்க உறுப்பினர். தனித் தறி உடையவர். “நிறுத்துங்கள், ஐயா. நிறுத்தினால் அவர் வைத்தியமில்லாமலா கிடக்கப் போகிறார்? நான் என் தறியை விற்றுப் பார்ப்பேன்” என்றார். அதற்கு மேல் ஒரு சொல்லும் அவர் கூறவில்லை. தண்டனை குடித்தவரைத் தாண்டிச் சென்று, சந்தாவை ஒழுங்காகக் கட்டி வந்த மற்றோர் உறுப்பினரின் தலையில் விழும் என்பதைத் தீர்மானம் எழுதியவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை.

மதுவும் புகையிலையும் கண்ணுக்குத் தெரியும் பழக்கங்கள். நீரிழிவும் இரத்த அழுத்தமும் அத்தகையவை அல்ல. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு நாடெங்கும் நடத்தப்பட்ட ஆய்வின் முடிவுகள் 2023இல் வெளிவந்தன. நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டோருக்கு நீரிழிவு உள்ளது. வயது வந்தோரில் இது 11.4 விழுக்காடு. இரத்த அழுத்தம் உடையோர் 35.5 விழுக்காடு. தமிழ்நாட்டில் நீரிழிவு நாட்டின் சராசரியைவிட மிகுதி. இவர்களெல்லாம் வாயைக் கட்டாதவர்கள், உடலை வளைக்காதவர்கள் என்று கூறிவிடுதல் எளிது. குழித்தறியில் விடியற்காலையில் கால் வைத்து, விளக்கு வைக்கும் நேரத்தில் எழும் நெசவாளியைப் பார்த்து “உடற்பயிற்சி செய்தாயா?” என்று கேட்பது எத்தகைய கேள்வி? கையும் காலும் ஓயாமல் உழைக்கின்றன. ஆனால் உடல் இருந்த இடத்திலேயே இருக்கிறது. உணவோ பெரும்பாலும் தீட்டிய வெள்ளரிசி. கேழ்வரகும் கம்பும் சாமையும் விளைந்த மேட்டு நிலங்களில் பணப்பயிர் ஏறிவிட்டது. நியாய விலைக் கடையில் 2011 முதல் விலையின்றிக் கிடைப்பது அரிசி. அவ்வரிசி பல்லாயிரம் வீடுகளில் பசியைத் தீர்த்தது. அதனைப் பழிப்பது நம் நோக்கமன்று. எனினும் மலிவாகக் கிடைப்பதை உண்டவரை ‘உணவில் கட்டுப்பாடற்றவர்’ என்று எப்படிக் கூறுவது? 2023இல் நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு பெற்றுக்கொள்ள வழி செய்யப்பட்டது. அக்கடைகளில் பெரும்பாலானவற்றை நடத்துவன நம் கூட்டுறவுச் சங்கங்களே. ஒரு சொற்பொழிவு செய்யாததை அந்த 2 கிலோ செய்யக்கூடும். விளைவிப்போருக்கும் அதனால் சந்தை உண்டு.

இன்னும் ஆழமாகச் சென்றால் பழியை எங்கே நிறுத்துவது என்பதே தெரியாமற் போகிறது. இரண்டாம் உலகப் போரின் இறுதியில், 1944-45 குளிர்காலத்தில், நெதர்லாந்து நாட்டின் மேற்குப் பகுதி கடும் பஞ்சத்துக்கு உள்ளாயிற்று. அப்பஞ்ச காலத்தில் கருவில் இருந்தவர்களை ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் சோதித்தபோது, அவர்களுடைய உடல் சர்க்கரையை ஆளும் ஆற்றல் குறைந்திருந்தது காணப்பட்டது. நம் நாட்டில் புனே நகரைச் சார்ந்த சிற்றூர்களில் 1993 முதல் தாய்மார்களையும் குழந்தைகளையும் தொடர்ந்து ஆராய்ந்து வந்த மருத்துவர் யாஜ்னிக் குழுவினர், எடை குறைந்து மெலிந்து பிறக்கும் நம் குழந்தைகளின் உடலில் கொழுப்பின் பங்கு மிகுந்திருப்பதைக் கண்டனர். பிற்கால நீரிழிவுக்கு இதுவும் ஒரு வித்து என்பது அவர்கள் கருத்து. தாய் பட்ட பட்டினி மகனின் ஐம்பதாவது வயதில் நோயாய் வெளிப்படுமானால், சங்கத்தின் துணைவிதியில் எவரைக் குற்றவாளியென எழுதுவது?

தீர்மானத்தில் கூறாமல் விடப்பட்ட செலவு ஒன்றுண்டு. அதுவே நம் தொழிலில் பெருஞ்செலவு என்பது எமது கருத்து. அரசு மருத்துவமனையில் மருந்து இலவசம், உண்மை. ஆனால் மாத்திரை வாங்கப் போகும் நாளில் தறி நிற்கிறது. காலைப் பேருந்தில் சென்று, வரிசையில் நின்று, மருத்துவரைக் கண்டு, மீண்டும் மருந்துக்கு வரிசையில் நின்று திரும்பினால் பிற்பகல். அன்றைய கூலி போயிற்று. பாவு முடிவதும் தள்ளிப் போயிற்று. மில் தொழிலாளிக்கு நோய் விடுப்பு உண்டு. தறிக்கு விடுப்பு ஏது? உழவருக்கும் இதுவே நிலை. தண்ணீர் முறை வரும் நாளில் மருத்துவமனைக்குப் போக இயலாது, போனால் அம்முறை தவறிவிடும். ஆகவே பலர் என்ன செய்கின்றனர்? இரண்டு மாதம் மாத்திரை உண்டு, உடம்பு நன்றாய் இருப்பதாகத் தோன்றியதும் நிறுத்திவிடுகின்றனர். நோய் உள்ளே தன் வேலையைச் செய்கிறது. ஏழெட்டு ஆண்டுகளில் கண் மங்குகிறது. இழை அறுந்தது தெரிவதில்லை. அல்லது காற்புண் ஆறாமல் விரலை எடுக்க நேர்கிறது. மிதியை மிதிப்பது எப்படி? அல்லது சிறுநீரகம் கெட்டு, வாரத்துக்கு இரண்டு மூன்று முறை, முறைக்கு நான்கு மணி நேரம் இரத்தச் சுத்திகரிப்புக்குப் படுக்க வேண்டியதாகிறது. அச்சுத்திகரிப்பு இலவசமாகவே நடக்கட்டும். வாரத்தில் மூன்று நாள் நின்றுபோன தறியின் கூலியை எந்தக் காப்பீடு தருகிறது?

இந்தியாவில் 2021-22ஆம் ஆண்டின் மொத்த மருத்துவச் செலவில் 39.4 விழுக்காட்டைக் குடும்பங்களே நேராகத் தம் கையிலிருந்து கொடுத்தன என்று அரசின் கணக்கு கூறுகிறது. 2014-15இல் இது 62.6 விழுக்காடாக இருந்தது. குறைந்துள்ளமை மகிழ்ச்சிக்குரியதே. ஆயின் நின்ற தறியின் கூலி இக்கணக்கில் சேரவில்லை.

இவ்வகையில், 2021 ஆகஸ்டு 5ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ நமக்கு மிகப் பொருந்திய ஏற்பாடு. சுய உதவிக் குழுக்களைச் சேர்ந்த பெண்கள் வீடு தேடி வந்து இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் பார்த்து, மாத்திரையைக் கையில் தந்து செல்கின்றனர். மாத்திரையின் விலை சிறிது. அதனோடு நெசவாளிக்குத் திரும்பக் கிடைக்கும் ஒரு நாள் பெரிது. இதில் “நீ ஏன் நோயுற்றாய்?” என்னும் கேள்விக்கே இடமில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். கேள்வி எழுந்தால் நோயை மறைப்பார்கள். மறைத்த நோய்க்கே செலவு மிகுதி.

இனித் தீர்மானத்தின் இரண்டாம் பகுதிக்கு, அதாவது முதியோர்பால், வருவோம். ஒழுங்காக வாழ்ந்தவரால் பொதுப் பணத்துக்குச் செலவு குறைவு என்பது பலருடைய எண்ணம். நெதர்லாந்தின் ஆராய்ச்சியாளர்கள் 2008இல் இதனைக் கணக்கிட்டுப் பார்த்தனர். இருபது வயது முதல் இறுதி வரை ஒருவருக்கு ஆகும் மருத்துவச் செலவு, புகைப்பவருக்கு ஏறத்தாழ 2,20,000 யூரோ. உடல் பருத்தவருக்கு 2,50,000. இவ்விரு குறையும் இல்லாதவருக்கோ 2,81,000. காரணம் எளிது. நல்லபடி வாழ்ந்தவர் நெடுநாள் வாழ்கிறார். நெடுநாள் வாழ்பவருக்கு முதுமையின் நோய்கள் வருகின்றன. புகைப்பவரை ஊக்குவிக்க இதனை நாம் சொல்லவில்லை. அவர் இழந்த ஆண்டுகளுக்கு விலை போட அக்கணக்கில் இடமில்லை. ஆனால் தீர்மானத்தில் கையெழுத்திட்ட எழுவரும் இதனைச் சிந்திக்க வேண்டும். குடியாமல், புகையாமல், அளவோடு உண்டு எண்பது வயது வரை வாழப் போகிறவர்கள் அவர்களே. இன்று அறுபதில் கோடு கிழித்தால் அக்கோட்டுக்கு அப்பால் நெடுங்காலம் நிற்கப் போகிறவர்களும் அவர்களே.

தமிழ்நாட்டில் அறுபது வயதைக் கடந்தோர் 2021இல் மக்கள் தொகையில் 13.6 விழுக்காடு என்றும், 2031இல் 18.2 விழுக்காடு ஆவர் என்றும் மதிப்பிடப்பட்டுள்ளது. பிள்ளைகள் எண்ணிக்கை குறைந்து வருகிறது. இருக்கும் பிள்ளைகளும் திருப்பூருக்கும் ஓசூருக்கும் வேலைக்குப் போய்விட்டனர். முன்னாளில் தறியை விட்டு இறங்கிய கிழவர் திண்ணையில் அமர்ந்து பேரப்பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பார். கிழவி தார் சுற்றித் தருவாள். இன்றும் பல வீடுகளில் தார் சுற்றுவது முதிய பெண்களே. அவர்களுக்குக் கூலிப் புத்தகம் இல்லை. மகன் நெய்த சேலையின் கூலியில் அவர்கள் உழைப்பும் அடங்கிவிடுகிறது. ‘தறியை விட்டு இறங்கியவர்’ என்று தீர்மானம் கூறுவோரில் இவர்களும் அடங்குவர் அன்றோ?

2024 அக்டோபர் 29 முதல் எழுபது வயது நிறைந்த எவரும், வருமான வரம்பின்றி, மத்திய அரசின் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவமனைச் சிகிச்சை பெறலாம் என்று ஆயிற்று. நல்லதே. ஆனால் முதுமையின் செலவு பெரும்பாலும் மருத்துவமனைக்கு வெளியே உள்ளது. படுத்த மாமியாரைத் திருப்பிப் படுக்க வைத்துவிட்டு வந்து மீண்டும் நாடாவைப் பிடிக்கும் மருமகளின் நேரத்தை யாரும் எழுதி வைப்பதில்லை. ஜப்பான் நாட்டில் 2000ஆம் ஆண்டு முதல் இதற்கெனவே தனிக் காப்பீடு உள்ளது. நாற்பது வயதானோர் யாவரும் சந்தா கட்ட, பாதிச் செலவை வரிப்பணம் ஏற்கிறது. நமக்கு அது இன்னும் தொலைவில் உள்ள பொருள்.

அப்படியானால் யார்தான் கொடுப்பது? மில் தொழிலாளிகளைப் பார்ப்போம். 1948ஆம் ஆண்டின் தொழிலாளர் அரசு ஈட்டுறுதிச் சட்டம் 1955இல் கோயம்புத்தூரில் நடைமுறைக்கு வந்தது. இன்று அதற்குத் தொழிலாளி தம் ஊதியத்தில் 0.75 விழுக்காடும் முதலாளி 3.25 விழுக்காடும் செலுத்துகின்றனர். அம்மருத்துவமனையில் வெற்றிலை போடுவாயா என்று கேட்டுக் கதவை அடைப்பதில்லை. வீட்டுத் தறியில் நெய்பவருக்கு அச்சட்டம் இல்லை. ஏனெனில் அவருக்கு முதலாளி இல்லை. நூல் கொடுத்துச் சேலை வாங்கிக் கூலி தருவது சங்கம். சங்கத்தின் உடைமையாளர் அவரே. முதலாளியின் பங்கைக் கேட்க அவர் தம்மிடமேதான் கேட்க வேண்டும்! ஆகவேதான் இந்நிதி ஏற்பட்டது. ஆகவேதான் அதற்கு அரசின் பங்கும் தேவை.

கூட்டுறவாளர் இதில் வழிகாட்டிய வரலாறும் உண்டு. அண்டை மாநிலமான கர்நாடகத்தில் 2003இல் நடைமுறைக்கு வந்த யசஸ்வினித் திட்டத்தில், கூட்டுறவுச் சங்க உறுப்பினரான உழவர் ஆண்டுக்கு 60 ரூபாய், அதாவது மாதம் 5 ரூபாய், கட்டினால் அன்று அறுவைச் சிகிச்சை பெற முடிந்தது. முதலாண்டிலேயே ஏறத்தாழ 16 லட்சம் பேர் சேர்ந்தனர். 2018இல் அது மாநிலத்தின் பொதுத் திட்டத்தோடு இணைக்கப்பட்டது. உறுப்பினர்கள் விடாது கேட்டதன் பயனாகப் பின்னர் உயிர் பெற்று 2023 சனவரியில் மீண்டும் செயற்படலாயிற்று. பலர் சிறிது சிறிதாகச் சேர்த்தால் சிலருடைய பெருந்துன்பம் தீரும் என்பதை அது மெய்ப்பித்தது. அதன் குறைகளையும் மறைக்க வேண்டுவதில்லை. தொடக்கத்தில் 75 வயதுக்கு மேற்பட்டோருக்கு அதில் இடமில்லை. சர்க்கரைக்கும் அழுத்தத்துக்கும் நாள்தோறும் உண்ணும் மாத்திரை அதில் அடங்கவில்லை. காலை எடுக்கப் பணம் தந்தது; காலைக் காக்கத் தரவில்லை.

பழக்கங்களால் வரும் நோய்க்குப் பொறுப்பு வேண்டாமா என்பார்க்கு, வேண்டும் என்பதே எமது விடை. அதனை வசூலிக்கும் இடம் மருத்துவமனை வாயிலன்று. பொருள் உண்டாகும் இடமும் விற்கும் இடமுமாகும். பிரித்தானியாவில் 2018 ஏப்ரல் முதல், சர்க்கரை மிகுந்த குளிர்பானங்களைச் செய்வோரிடம் சர்க்கரையின் அளவுக்கேற்பத் தீர்வை வாங்குகின்றனர். தீர்வை வருகிறதென்று அறிந்ததுமே பல நிறுவனங்கள் சர்க்கரையைக் குறைத்துவிட்டன. குடிப்பவரிடம் பேசிப் பயனில்லாத இடத்தில், செய்பவரிடம் பேசிப் பயன் கிடைத்தது. நம் நாட்டிலும் 2025 செப்டம்பர் 22 முதல் இனிப்புக் குளிர்பானங்களுக்குச் சரக்கு, சேவை வரி 40 விழுக்காடு. அவ்வரி எவ்வளவு சர்க்கரை என்று பாராமல் விதிக்கப்படுவதால், சர்க்கரையைக் குறைக்கச் செய்வோருக்குத் தூண்டுதல் இல்லை என்பது எமது குறை.

இங்கே நம் வாசகர்களில் ஒரு சாராரிடம் வெளிப்படையாகப் பேச வேண்டியுள்ளது. வேதாரணியத்திலும் திண்டுக்கல்லிலும் ஈரோட்டுப் பக்கத்திலும் புகையிலை விளைவிப்போர் நம் ஏட்டைப் படிக்கின்றனர். கரும்பு விளைவிப்போர் அவர்களினும் பலர். குடியையும் புகையையும் சர்க்கரையையும் பற்றி எழுதும்போது அவர்களைக் குற்றக் கூண்டில் ஏற்றுவது நம் கருத்தன்று. விலை கிடைக்கும் பயிரைத்தான் எவரும் போடுவர். ஆனால் புகையிலைத் தீர்வையில் ஒரு பகுதி, அந்நிலத்தில் வேறு பயிருக்கு மாற விரும்புவோருக்கு உதவியாகத் திரும்ப வேண்டுமென்று கேட்க நமக்கு உரிமையுண்டு. ‘புகையிலை போடுபவர் சங்கத்தில் இருக்கலாம், அதை மென்றவர் நிதியில் இருக்கலாகாது’ என்பது பொருந்தாப் பேச்சு.

பேரவையின் முன் நாம் வைக்கும் யோசனைகள் பெரியவை அல்ல. நிதியிலிருந்து எவரையும் நீக்க வேண்டாம். கூலி வழங்கும் நாளில் எப்படியும் உறுப்பினர்கள் சங்கக் கட்டடத்துக்கு வருகின்றனர். அன்று ஆரம்ப சுகாதார நிலையத்தாரை அழைத்து அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கலாம். தறி ஒரு நாளும் நிற்காது. சென்ற ஆண்டு ஒருமுறை இவ்வாறு பார்த்தபோது, தீர்மானத்தில் கையெழுத்திட்ட எழுவருள் ஒருவருக்கே சர்க்கரை மிகுந்திருந்தது. வெற்றிலை பாக்கும் தொடாதவர் அவர். கூலிப் புத்தகம் இல்லாத முதிய பெண்களுக்கும் நிதியில் இடம் எழுதப்பட வேண்டும். மது வருவாயில் ஒரு பங்கைக் குடியை விட விரும்புவோரின் சிகிச்சைக்கும் நெசவாளர் மருத்துவ நிதிக்கும் அளிக்குமாறு அரசுக்குச் சங்கங்கள் ஒருசேர எழுத வேண்டும்.

இக்கட்டுரையை முடிக்கும் முன் முன்மொழிந்தவரை அவர் வீட்டில் கண்டோம். பாவில் இழை பிணைத்துக்கொண்டே நாம் சொன்னதையெல்லாம் கேட்டார். எழுவரில் இருவர் கையெழுத்தைத் திரும்பப் பெற்றுவிட்டனர் என்பது அவருக்கும் தெரியும். “நீங்கள் சொல்லும் நெதர்லாந்துக் கணக்கெல்லாம் இருக்கட்டும், குடிப்பவர் வீட்டுக்குப் போகும் உதவிப் பணத்தை வீட்டுப் பெண் கையில் கொடுப்பதாகத் துணைவிதியில் எழுதச் சொல்லுங்கள். எழுதினால் நானும் என் கையெழுத்தை எடுத்துக்கொள்கிறேன்” என்றார். நாம் நினையாத யோசனை அது. வரைவில் சேர்க்குமாறு நிர்வாகக் குழுவுக்கு அன்றே எழுதிவிட்டோம்.